வாசகர் கேள்வி: அலுமாரிக்குள் ஒரு ஊர்

கேள்வி: நான் எழுதும் கதையில், கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளை அம்மம்மாவின் பழைய அலுமாரிக்குள் நுழைந்து வேறொரு ஊருக்குப் போகிறாள். முதல் பாதி மாயாஜாலம், பின்பாதி பேய்ப்பயம். அவள் தப்பி வந்ததும் கதை முடிகிறது. வாசித்த சிநேகிதிகள், இரண்டு கதையை ஒட்டின மாதிரி இருக்கு என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: பயத்தைப் பின்பாதிக்கென்று ஒதுக்கி வைத்ததுதான் பிழை. நீல் கெய்மனின் 'கோரலைன்' (2002) நாவலைப் பாருங்கள். கோரலைன் என்ற சிறுமி திறந்து போகும் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் 'மற்ற அம்மா' அருமையாகச் சமைத்துப் போடுகிறாள், ஆனால் முதல் தடவை பார்க்கும்போதே அவளுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொத்தான்கள். இங்கேயே தங்குவதென்றால் உன் கண்ணிலும் பொத்தான் தைக்க வேண்டும் என்று அவள் பிறகு சொல்லும்போது, அந்தச் சாப்பாடு எதற்காகப் போட்டது என்று நமக்கு விளங்கிவிடுகிறது.

நம்மிடம் இதைவிடப் பழையது ஒன்று இருக்கிறது, மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. சுடுகாட்டைச் சுற்றி மதில், மதிலுக்கு நான்கு வாயில். ஒன்றில் நெல்லும் கரும்பும் நீரும் சோலையும் அழகாக வரைந்திருக்கும். இன்னொன்றில் வாயை மடித்துக்கொண்டு, பாசமும் சூலமும் பிடித்த பூதம் நிற்கும். எதால் போனாலும் உள்ளே சுடுகாடுதான்! அங்கே தனியாகப் போன சார்ங்கலன் என்ற பையன், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு நடுங்கி ஓடி, வீட்டுக்கு வந்தும் சேருகிறான். வந்து, அம்மா, பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அவள் முன்னாலேயே விழுந்து சாகிறான். எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிற இடம் அந்த வீட்டு வாசல்தான்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். அந்த ஊரில் அவள் ஆசையாக வாங்கிக்கொள்ளும் ஒரு பொருளை, அல்லது அங்கே அவளுக்கு வைக்கும் செல்லப்பெயரை, முதல் பாதியிலேயே வையுங்கள், பின்பாதியில் அதையே பயமாக்குங்கள், புதுப் பேய் எதையும் கொண்டுவர வேண்டாம். அப்புறம், அவள் தப்பி வந்த இடத்தில் நிறுத்தாமல் இன்னும் ஒரு பக்கம் எழுதுங்கள். அலுமாரிக் கதவு மூடியாயிற்று, குசினியில் தேத்தண்ணி கொதிக்கிறது, அம்மம்மா அவளைக் கூப்பிடுகிறார், அந்த ஊரில் வைத்த பெயரைச் சொல்லி.