250 மில்லி கோப்பையில் 250 கிராம் மைதா அடங்காது

வணக்கம் சகோதரி. 250 கிராம் மைதா, 250 கிராம் சர்க்கரை என்ற குறிப்புக்கு 250 மில்லி கோப்பையால் இரண்டையும் ஒவ்வொரு கோப்பை அளந்து போட்டதாகவும், கேக் நடுவில் அமுங்கி, தித்திப்பு திகட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பேக்கிங் பவுடரைச் சந்தேகிக்கும் முன் அளவைச் சரிபாருங்கள்.

கிராமும் மில்லியும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது தண்ணீர், பால் போன்றவற்றுக்குத்தான். மைதாவின் துகள்களுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால், கரண்டியால் மெதுவாக இட்டு, கத்தியின் முதுகால் மேற்பரப்பை வழித்த கோப்பையில் சுமார் 130 கிராம்தான் இருக்கும்; அதே கோப்பையை மாவுப் பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராமையும் தாண்டிவிடும். சர்க்கரையோ சுமார் 210 கிராம் பிடிக்கும். ஆக, உங்கள் கலவையில் மாவு பாதியளவே விழ, சர்க்கரை பெருமளவு விழுந்திருக்கிறது.

அடுத்த முறை மைதாவைச் சலித்த பின், தளர்வாக இரண்டு கோப்பைக்குச் சற்றுக் குறைவாகவும், சர்க்கரையை ஒரு கோப்பையும் மூன்று மேசைக்கரண்டியுமாகவும் எடுங்கள். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். எனவே 100 கிராம் எண்ணெய்க்கு 110 மில்லி வேண்டும். தேன் நேர்மாறானது, ஒரு கோப்பையே 350 கிராம் நிற்கும்.

அடிக்கடி கேக் செய்வீர்களானால் சிறிய மின்னணுத் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள்; வெறும் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, ஒவ்வொரு பொருளாக அதிலேயே கொட்டி நிறுத்துக்கொள்ளலாம்.