மருந்து அடித்துவிட்டு வருபவர் வீட்டுக் குழந்தைக்கு அந்த மருந்தால் பாதிப்பு வருமா?

கேள்வி இது: "வீட்டுக்காரர் கூலிக்கு மருந்து அடிக்கப் போகிறார், நான் களையெடுக்கப் போகிறேன். ஒன்றரை வயதுப் பையன் இருக்கிறான். அவனைக் காட்டுப் பக்கமே கொண்டுபோவதில்லை. அப்படியும் பூச்சிமருந்து அவனைப் பாதிக்குமா?"

பாதிக்க வாய்ப்பு இருக்கிறது. காட்டுக்குப் போகாத குழந்தைகளின் சிறுநீரிலும் பூச்சிமருந்தின் தடயத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. பெரம்பலூர் பக்கம் பருத்திக்காட்டில் கூலிக்கு மருந்து அடித்தவரின் பிள்ளை, பிறகு பொது சுகாதாரம் படித்தேன், அந்த அளவில் சொல்கிறேன்.

மருந்து வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் துணியில், செருப்பில், தலைமுடியில், வண்டி சீட்டில். வெளியே கிடந்தால் வெயிலும் மழையும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகளும் அதைச் சிதைத்துவிடும். வீட்டுக்குள் மூலையில் படியும் தூசியில் அது அவ்வளவாக நடக்காது, அப்படியே ரொம்ப நாள் கிடக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளையின் உலகமே அந்தத் தரைதான். கீழே கிடப்பதை எடுப்பான், கையை வாயில் வைப்பான். உடம்பு எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகமாக மூச்சு விடுகிறான், அதிகமாகச் சாப்பிடுகிறான். அதோடு ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையில் சிலவற்றை முறித்துப்போட ரத்தத்தில் பிஓஎன்1 என்று ஒரு நொதி உண்டு, அது பிறந்த குழந்தைகளிடம் மிகவும் குறைவு, ஏழு வயதிலும் சராசரியாகத் தாயின் அளவை எட்டியிருக்கவில்லை என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிள், பேரித் தோட்டங்கள். அங்கே கூலிக்குடும்பங்களின் வீட்டுத் தூசியையும் வண்டித் தூசியையும் எடுத்துச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் அசின்பாஸ் மீத்தைல் என்ற தோட்ட மருந்து இருந்தது. வண்டியில் அதிகம் இருந்தால் வீட்டிலும் அதிகம் இருந்தது, பெரியவர் சிறுநீரில் கூடினால் அதே வீட்டுக் குழந்தையின் சிறுநீரிலும் கூடியது. இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. பிஞ்சு கழிக்கிற வேலைக்குப் போனவர்கள், அதாவது மருந்து டப்பாவைக் கையால்கூடத் தொடாதவர்கள், அவர்கள் வீடுகளில்தான் மருந்து அதிகம் தென்பட்டது. இலையையும் காயையும் நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டே இருக்கிற வேலை அது. நம் ஊரில் களையெடுப்பு, பருத்தி எடுப்பு. மருந்து அடிப்பவருக்காவது தான் தொடுவது விஷம் என்று தெரியும், நேற்று அந்தக் காட்டில் என்ன அடித்தார்கள் என்று களையெடுக்க வரும் பெண்களிடம் யார் சொல்கிறார்கள்? அதனால் வீட்டுக்காரர் சட்டையைப் பற்றி மட்டும் கவலைப்படாதீர்கள், உங்கள் சேலையும் கணக்கில் உண்டு.

எங்கள் வீட்டில் அம்மா காட்டுக்குக் கட்டிக் கட்டிப் பழசான சேலைதான் தம்பிக்குத் தூளி. அப்பாவின் சட்டை ஆணியில் தொங்கும், எப்படியும் நாளைக்கும் அழுக்காகத்தானே போகிறது என்று மறுநாளும் அதையே மாட்டிக்கொண்டு போவார். துவைக்கும்போது எல்லாத் துணியும் ஒரே அன்னக்கூடையில் ஊறும். காலி மருந்து டப்பாவைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருப்போம். இதில் எதுவும் அலட்சியம் இல்லை, இருப்பதை வைத்துப் பிழைக்கிற வீட்டில் எதையும் வீணாக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் டப்பா விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள், சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது, அந்த எண்ணெய் இருந்தது பழைய மருந்து டப்பாவில்.

அப்புறம், மூளை வளர்ச்சி. கலிபோர்னியாவில் சலீனாஸ் பள்ளத்தாக்கு, ஸ்ட்ராபெரியும் லெட்யூஸும் விளைகிற இடம், வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கெனாசி குழு 1999, 2000 ஆண்டுகளில் அங்கே 601 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தது. சாமகோஸ் ஆய்வு என்பார்கள். 2011-ல் வெளிவந்த முடிவுப்படி, கர்ப்ப காலத்தில் அம்மாவின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் தடயம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்த பங்கினரின் பிள்ளைகளைவிட ஏழு வயதில் ஐக்யூ என்கிற அறிவுத்திறன் மதிப்பெண்ணில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள்.

இதை அரைகுறையாக வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள், அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது வயிற்றில் இருந்தபோது பட்ட மருந்தோடுதான். பிறந்த பிறகு குழந்தையின் சிறுநீரில் அளந்ததற்கும் மதிப்பெண்ணுக்கும் அப்படி ஒரு சீரான தொடர்பு கிடைக்கவில்லை. பிறந்த பிறகு பட்டால் பரவாயில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. இந்த மருந்துகளின் தடயம் உடம்பை விட்டுச் சில நாளில் போய்விடும், எப்போதோ எடுத்த சிறுநீரை வைத்து மொத்தத்தையும் கணக்கிடுவது கஷ்டம். இன்னொன்று, 7 புள்ளி என்பது கூட்டத்தின் சராசரி, உங்கள் பையனின் தலையெழுத்து அல்ல. ஆனால் அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால், நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனேயே மருந்து அடித்த காட்டு வேலையை விடப் பாருங்கள். எத்தனை வீட்டில் அது முடியும் என்பது எனக்கும் தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியது எல்லோரும் சொல்வதுதான். வேலைத்துணியைத் தனியாக ஊறவைத்துத் துவையுங்கள், செருப்பு வாசலோடு நிற்கட்டும், குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள், பெருக்குவதோடு விடாமல் ஈரத்துணியால் துடையுங்கள், தூளிக்குக் காட்டுச் சேலை வேண்டாம். செய்யுங்கள், செய்யத்தான் வேண்டும். ஆனால் யாக்கிமாவில் ஊர் ஊராகப் போய் இதையே சொல்லிக்கொடுத்து, சொல்லிக்கொடுக்காத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழந்தைகள் சிறுநீரில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. சலீனாஸில் வேறு மாதிரி செய்தார்கள்: ஸ்ட்ராபெரிக் காட்டிலேயே கையுறை, கழற்றி வைத்துவிட்டுப் போகிற மேலங்கி, கை கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு. அங்கே வேலையாட்கள்மேல் படிந்த மாலத்தியான் என்ற பூச்சிமருந்து குறைந்தது. எனக்கு இதிலிருந்து தெரிவது, காட்டிலேயே கழுவிவிட்டு வர வழியில்லாமல் வீட்டில் அம்மா எவ்வளவு துவைத்தாலும் பாதிக் கிணறுதான். எனவே காட்டுக்காரரிடம் தண்ணீர், சோப்பு, துணி மாற்ற ஒரு மறைப்பு, என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்ற தகவல், இவ்வளவையும் கேளுங்கள். தனியாகக் கேட்டால் அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், களையெடுக்கப் போகிற கூட்டமாகச் சேர்ந்து கேட்பது நல்லது.

அமெரிக்காவில் மருந்து அடித்த காட்டில் எவ்வளவு நேரம் ஆள் இறங்கக்கூடாது என்பது லேபிளிலேயே இருக்கும், அதை மீறுவது சட்டப்படி குற்றம். அந்த நாட்டிலும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். குளோர்பைரிபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்தை வீட்டு உபயோகத்திலிருந்து 2000-ல் எடுக்க ஏற்பாடு செய்தவர்கள் காட்டில் தொடர விட்டார்கள்; ஊர்ப் பிள்ளைக்கு ஆகாதது கூலிக்காரர் பிள்ளைக்கு ஆகுமாம். உணவுப் பயிர்களுக்கு 2021-ல் கொண்டுவந்த தடையை 2023-ல் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது. கலிபோர்னியா மாநிலம் 2020 முடிவோடு ஏறக்குறைய முழுக்க நிறுத்தியது. 2025-ல், எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருட்களை ஒழிக்க நாடுகள் சேர்ந்து போட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலும் அதை ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள், நிறைய விதிவிலக்குகளோடு. நம் ஊரில் கரையானுக்குக்கூட அதைத்தான் கடையில் கொடுப்பார்கள். டப்பாவில் இருக்கிற சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணத்தைப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள் அல்லவா, அந்த நிறம் ஒரே தடவையில் ஆளைக் கொல்லும் வீரியத்தை வைத்துப் போட்டது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் படுவதைப் பற்றி அது எதுவும் சொல்லாது, பச்சை என்பதற்காகச் சட்டையைப் பிள்ளைமேல் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பையனுக்குத் திடீரென்று எச்சில் ஒழுகி, வியர்த்து, வாந்தி எடுத்து, கண்பாவை ஊசிமுனை போல் சுருங்கி, மூச்சுத் திணறினால் வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மருந்து பட்ட துணியைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது அன்று அடித்த மருந்தின் டப்பாவை, முடியாவிட்டால் லேபிளைப் போனில் படம் எடுத்தாவது, கொண்டுபோங்கள்.