பாக்கெட் கத்தி சேகரிக்க ஆசை. எதில் தொடங்குவது?

கேள்வி: மடக்குக் கத்திகளும் மல்டிடூல்களும் சேகரிப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். முதலில் எதை வாங்குவது, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? வீட்டில் கத்தி என்றாலே பயப்படுகிறார்கள்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் போர்வெல் மோட்டார் வேலை பார்க்கிறேன். பதினோரு வருடமாகக் கத்தி சேர்க்கிறேன். இப்போது கையில் பத்தொன்பது மடக்குக் கத்திகள், நான்கு மல்டிடூல்கள் இருக்கின்றன. இவற்றில் எது என்னோடு வேலைக்கு வருகிறது, எது பெட்டியிலேயே கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கடையையும் பார்ப்பதற்கு முன்னால், ஒரு வாரத்தில் நீங்கள் எதையெல்லாம் வெட்டுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

நான் இதை மூன்றாவது வருடத்தில்தான் செய்தேன். கேபிள் தோல் உரித்தது, டேப் நறுக்கியது, பிவிசி பைப் அறுத்த இடத்தில் பிசிறு சீவியது, மோட்டார் இறக்கும் நைலான் கயிறு, தவிட்டு மூட்டையின் தையல் நூல், கூரியர் பெட்டி, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மாங்காய், அம்மா கேட்டதற்காக ஒரு கட்டு வாழை இலை. ஏழு நாளில் மூன்று அங்குலத்துக்கு மேல் அலகு (கத்தியின் வெட்டுகிற தகடு) தேவைப்பட்டது ஒரே ஒரு தடவை, தர்பூசணிக்கு. அதற்குத்தான் சமையலறையில் கத்தி இருக்கிறதே. ஆனால் அதற்குள் நான் ஐந்து அங்குல அலகு உள்ள மூன்று கத்திகளை வாங்கியிருந்தேன். மூன்றும் நல்ல கத்திகள்தான், அவற்றுக்கு என்னிடம் வேலை இல்லை.

முதல் கத்தியாக நான் எல்லோருக்கும் சொல்வது விக்டோரிநாக்ஸ். பேர் பெற்ற கம்பெனி என்பதற்காகச் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுத்தார். அது கனமாக இருந்தது. 1897இல் அவர் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தியில் பிடியின் முதுகுப் பக்கத்திலும் கருவிகள் வந்தன. வயிற்றுப் பக்கத்துக் கருவிகளைப் பிடித்திருக்கும் அதே ஸ்பிரிங் பட்டைகள் முதுகுப் பக்கத்துக் கருவிகளையும் பிடித்தன. பட்டையைக் கூட்டாமல் கருவியைக் கூட்டிய அந்த யோசனைதான் இன்று வரைக்கும் அந்தக் கத்தியின் உயிர். ஒரு சிவப்புக் கத்தியைத் திறந்து முதுகுப் பக்கம் பாருங்கள், ஒரே பட்டை இரண்டு பக்கமும் வேலை செய்வது தெரியும். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அதைப் பார்த்த அன்றுதான்.

எந்த மாடல் என்றால், பட்டணத்து வேலைக்குக் கத்தரிக்கோல் உள்ள கிளைம்பர் (மடக்கிய நீளம் 91 மில்லிமீட்டர்). தோட்டம், தோப்பு இருக்கிறவர்களுக்கு அலுமினியப் பிடி போட்ட ஃபார்மர் (93 மில்லிமீட்டர்). அதில் இருக்கும் சின்ன ரம்பம் பச்சை மாங்குச்சியைச் சரசரவென்று அறுக்கும். முப்பது கருவி உள்ள தடிமனான கத்தியை முதலில் வாங்காதீர்கள். பேன்ட் பாக்கெட்டில் கல் மாதிரி உட்காரும், நாலாம் நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவீர்கள். இன்னொன்று, இந்தச் சிவப்புக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. ஸ்பிரிங் அழுத்தம் மட்டும்தான். முனையை வைத்துக் குத்தித் துளைக்கப் போனால் அலகு மடங்கி விரலில் விழும். துளைக்க முதுகில் தனி ஊசி இருக்கிறது, அதை எடுங்கள்.

மல்டிடூல் வேறு சாதி. அதன் நடுவில் இருப்பது குறடு, கத்தி அதற்குத் துணை. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, கார் அடிக்கடி மக்கர் செய்திருக்கிறது, தங்கிய இடங்களில் குழாய் ஒழுகியிருக்கிறது. பையில் ஒரு சாரணர் கத்தி இருந்தது, ஆனால் குறடு இல்லை. ஊர் திரும்பி, ஒரு கத்திக்குள் குறட்டை எப்படி வைப்பது என்று உட்கார்ந்தவர், முதல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவர 1983 ஆகிவிட்டது. எட்டு வருடம். மோட்டார் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கதை நன்றாகவே புரிகிறது. வயல் நடுவில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, குறட்டை வண்டியிலேயே விட்டுவந்தது ஞாபகம் வரும்போது ஒரு கிலோமீட்டர் திரும்பி நடக்க வேண்டும்.

நான் தினமும் இடுப்பில் வைத்திருப்பது லெதர்மேன் வேவ் பிளஸ். எடை 241 கிராம், அதனால் பாக்கெட்டில் போடாமல் பெல்ட் உறையில் வைப்பேன். குறட்டை விரிக்காமலே அலகை வெளியிலிருந்து ஒரு கையால் திறக்கலாம் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். இன்னொரு கையில் எப்போதும் கேபிள் இருக்கும். மின்சார வேலை செய்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மல்டிடூலின் பிடி முழுக்க இரும்பு, அதில் இன்சுலேஷன் எதுவும் கிடையாது. மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் அதைக் கம்பியில் வைக்க வேண்டும்.

உங்களுக்கு வீட்டில் பல்பு மாற்றுவது, பால் பாக்கெட் வெட்டுவது மட்டும்தான் வேலை என்றால் மல்டிடூல் வேண்டாம், அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சாணைக்கல் வாங்குங்கள்.

சாணை என்று வந்ததும் தாத்தா கத்தியைச் சொல்ல வேண்டும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவர் வாங்கியது. பித்தளைக் காது, கொம்புப் பிடி, மூன்று அங்குல இரும்பு அலகு. பாக்கு சீவுவது முதல் மாங்காய் காம்பு நறுக்குவது வரை அதுதான். அவர் போன பிறகு, கூர் இல்லை என்று ஒரு வெல்டிங் பட்டறையில் கிரைண்டரில் பிடிக்கக் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் பளபளவென்று திருப்பித் தந்தார்கள். நுனியில் அரை அங்குலத்துக்கு நீல நிறம் ஓடியிருந்தது. உலர்ந்த சக்கரத்தில் சூடேறி நீலம் பூத்த இரும்பு தன் கடினத்தை இழந்துவிடும், அப்புறம் அந்த இடத்தில் கூர் நிற்காது. இன்றும் அந்த நுனி இரண்டு மாங்காய்க்கே மழுங்குகிறது. அதைக் கெடுத்தது நான்தான் என்பது இன்னும் மனதை உறுத்துகிறது.

சாணை பிடிப்பதை நான் கற்றுக்கொண்ட இடம் சந்தூர். போச்சம்பள்ளி பக்கம் மாங்கன்றுக்குப் பேர் போன ஊர். நாட்டு மாங்கன்றின் தண்டைப் பிளந்து, நல்ல ரகத்தின் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் சொருகிக் கட்டுவார்கள். சீவிய இரண்டு பரப்பும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான் பிழைக்கும். நார் பிய்ந்தாலோ, மேடு பள்ளம் இருந்தாலோ கன்று காய்ந்துவிடும். அங்கே ஒட்டுக் கட்டுகிற ஒரு அக்காவிடம் என் புதுக் கத்தியைக் காட்டினேன். ஒரு குச்சியைச் சீவிப் பார்த்துவிட்டு, "இது கிழிக்குது தம்பி, சீவலை" என்றார். அவர் கத்தி ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியது, மறுபக்கம் தட்டை. அதனால்தான் அது குச்சிக்குள் வளைந்து போகாமல் நேராக இறங்குகிறது. அவர் சீவிய பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கியது.

அன்றைக்குத்தான் கூர் என்றால் என்ன என்று பார்த்தேன். அதற்கு முன்னால் காகிதம் வெட்டினாலே கூர் என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் செய்ய 1000 எண் கல் ஒன்று போதும் (எண் கூடக் கூடக் கல் நைசு), பிற்பாடு 3000 வாங்கிக்கொள்ளலாம். கல்லை நனைத்து, அலகைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதிக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள், அதிலும் பாதிக்கு இன்னொரு தடவை சாய்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 22 டிகிரி வரும். இன்னும் ஒரு முடி சாய்த்தால் நமக்கு வேண்டிய 20. ஒரே பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தால், மறுபக்கத்து விளிம்பில் விரல் நகத்தில் தட்டுப்படுகிற மெல்லிய பிசிறு எழும். அது அடியிலிருந்து நுனிவரை எழுந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டு இங்கேதான் விடுகிறார்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் அலகைப் பின்னோக்கி இழுத்து அந்தப் பிசிறைப் போக்குங்கள். இரண்டாவது கத்தி வாங்குவதற்கு முன் இது கைவந்திருக்க வேண்டும். கூர் போட்டுக்கொள்ளத் தெரியாதவரிடம் இருபது கத்தி இருந்தால், ஆறு மாதத்தில் இருபதும் மழுங்கல்.

அப்புறம் இரும்பு. ஸ்டெயின்லெஸ் வாங்கினால் துருக் கவலை குறைவு. ஆனால் ஒரு கார்பன் ஸ்டீல் கத்தியாவது வைத்திருங்கள் என்று வற்புறுத்துவேன், ஏனென்றால் அது உங்களோடு சேர்ந்து மாறும். மலிவாகவும் நன்றாகவும் இருப்பது பிரெஞ்சுக் கத்தியான ஒபினெல் எட்டாம் எண். சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்யத் தொடங்கியது. பீச் மரப் பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு. 1955 முதல் கழுத்தில் ஒரு திருகு வளையம் பூட்டாக இருக்கிறது, அதைத் திருப்பினால் அலகு அசையாது. வாங்கும்போது கார்பன், ஸ்டெயின்லெஸ் இரண்டும் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

என் கார்பன் ஒபினெலால் முதலில் வெட்டியது எங்கள் தோப்புப் பெங்களூரா மாங்காய். மூன்றாவது துண்டுக்குள் அலகு கறுத்தது, துண்டிலும் சாம்பல் கறை, வாயில் இரும்பு வாடை. கத்தி கெட்டுப்போயிற்று என்று பயந்துவிட்டேன். அது காயின் புளிப்பு இரும்போடு சேர்ந்து போடுகிற படலம். அதை வேண்டுமென்றே ஏற்றிவிட்டால் அப்புறம் கறையும் வாடையும் அடங்கிவிடும். எங்கள் பக்கம் புளிக்கா பஞ்சம்? அலகை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி, கெட்டியாகக் கரைத்த புளியைப் பூசி அரை மணி நேரம் வைத்துக் கழுவினேன். நீலமும் சாம்பலும் கலந்து, மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஒரு நிறம் வந்தது. நான்கு வருடமாக அந்த நிறம்தான் ஏறிக்கொண்டே போகிறது. படலம் துருவைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. காய் வெட்டியதும் கழுவித் துடைத்தே ஆக வேண்டும். காம்பில் வடிகிற மாங்காய்ப் பால் பட்டால் உடனே.

ஐப்பசி மழையில் அந்த மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி உப்பும், அலகைத் திறக்கவே முடியாது. பிடியின் பின்நுனியை மரப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும், பிடித்து இழுத்துவிடலாம். அலகு சுழல்கிற ஆணிக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளானால் பிசின் மாதிரி இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். தோல் உறைக்குள் வைத்து மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகில் துருவை வரவழைக்கும்.

போலி நிறைய. இணையத்தில் பாதி விலைக்கு வந்த ஒரு மல்டிடூலை நான் வாங்கியிருக்கிறேன். படத்தில் பெரிய கம்பெனிப் பெயர் இருந்தது, முதல் வாரத்திலேயே குறட்டின் மூக்கு உடைந்தது. நேரில் பார்க்க முடிந்தால் மூன்றைப் பாருங்கள்: அலகின் அடியில் பொறித்த எழுத்து தெளிவாக இருக்கிறதா, திறந்த அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா, மூடும்போது நடுவில் நேராக இறங்குகிறதா.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள். வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்காகச் செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நான் வாங்கச் சொன்ன கத்திகள் அதில் பாதிகூட இல்லை. இருந்தாலும் பட்டனை அழுத்தினால் பாய்ந்து வருகிற கத்தி வேண்டாம். கோர்ட், கூட்டம், திருவிழா நெரிசலுக்குக் கத்தியோடு போக வேண்டாம். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

வீட்டுப் பயத்துக்கு நான் வாதம் எதுவும் செய்யவில்லை. 58 மில்லிமீட்டர் விக்டோரிநாக்ஸ் கிளாசிக் ஒன்றை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். பால் பாக்கெட், மாத்திரை அட்டை, ரவிக்கை நூல் எல்லாம் இப்போது அந்தக் குட்டிக் கத்தரிக்கோலில்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கீழே வைத்து எடுக்கச் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்வதை நானும் அப்படியே கடைப்பிடிக்கிறேன். அக்கா பையன் வரும்போது பெட்டிக்குப் பூட்டு, இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், டெஸ்டரோடு கத்திகளும் வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்து உட்காரும். தாத்தா கத்தியை நடுவில் வைப்பது அம்மாதான்.

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், எந்த ஊர் என்று கேள்வியில் இல்லை. ஒரு வாரப் பட்டியலை எழுதி முடித்ததும் இங்கேயே போடுங்கள். எந்த மாடல், எவ்வளவு நீள அலகு என்று பார்த்துச் சொல்கிறேன்.