அட்டவணையை விட்டுக் காட்சிக்கு வாருங்கள்: 'தி சீக்ரெட் கார்டன்' நாவலில் பறவை, விலங்கு, தோட்டம்

கேள்வி: பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 'தி சீக்ரெட் கார்டன்' நாவலில் வரும் இயற்கைக் குறியீடுகளைப் பற்றி வகுப்புக்காகக் கட்டுரை எழுதினேன். ராபின் குருவி என்றால் சுதந்திரம், நரி என்றால் தந்திரம், ஆட்டுக்குட்டி என்றால் கள்ளமின்மை என்று அட்டவணை இட்டிருந்தேன். நாவலைப் படித்ததற்கான தடயமே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: உங்கள் அட்டவணை எந்த நாவலுக்கும் பொருந்தும், குறை அதுதான். 1911-இல் நூலாக வெளிவந்த இந்நாவலில் ஓர் உயிரினம் என்ன பொருள் தருகிறது என்பதை, அது எந்த நேரத்தில் வந்து, யார் கண்ணெதிரே, என்ன செய்கிறது என்பதைக் கொண்டே சொல்ல முடியும். நரியையே எடுத்துக்கொள்ளுங்கள். விலங்குகளோடு பழகும் புதர்வெளிச் சிறுவன் டிக்கனின் பின்னால் ஓடிவரும் 'கேப்டன்' என்ற நரிக்குட்டி கதை முழுவதிலும் ஒரு தந்திரமும் செய்வதில்லை. அவன் தோளில் உட்காரும் காகமும் எந்தக் கெட்ட சகுனத்தையும் கொண்டுவருவதில்லை.

ராபின் குருவிக்குத்தான் நீங்கள் அதிக இடம் ஒதுக்க வேண்டும். குஞ்சுப் பருவத்தில் கூட்டிலிருந்த மற்றவை பறந்துபோய்விட, தனித்துப்போன அது தன்னிடம் வந்து ஒட்டிக்கொண்டதாகத் தோட்டக்காரர் பென் வெதர்ஸ்டாஃப் சொல்கிறார். அதைக் கேட்ட மேரி, பெற்றோரை இழந்து இந்தியாவிலிருந்து வந்த அந்த நாயகி, தானும் தனிமையில் இருப்பதாக முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறாள். தன் சிடுசிடுப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பது அதுவரை அவளுக்கே தெரியாது. சுதந்திரம் என்ற சொல்லுக்கு இங்கே இடமேது? பின்னர், மூடிக்கிடந்த தோட்டத்தின் சாவி அவள் கையில் கிடைப்பதும் இதே பறவையால்தான். அதையும் பர்னெட் மாயமாகக் காட்டுவதில்லை: அகழெலியைப் பிடிக்க ஒரு நாய் பறித்துப்போட்ட மண்ணில் ராபின் புழு தேடுகிறது, மேரி குனிந்து பார்க்கிறாள், துருப்பிடித்த வளையம் ஒன்று தெரிகிறது. பறவை தன் இரையைத் தேடியது, அவ்வளவே; அதில் பொருளைக் கண்டெடுப்பவள் மேரி. மாயம் என்ற பேச்சை நாவலில் குழந்தைகள்தான் ஓயாமல் பேசுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நுட்பமான காட்சி, மேரியின் அத்தை மகனும் நோயாளியாகவே அறைக்குள் வளர்ந்தவனுமான காலின் முதன்முறையாகத் தோட்டத்துக்குள் வரும் நாளில் இருக்கிறது. கிளை முறிந்து பட்டுப்போன ஒரு பழைய மரத்தைப் பார்த்து, அது எப்படி முறிந்தது என்று அவன் வியக்கிறான். அவனுடைய தாய் விழுந்தது அந்தக் கிளையிலிருந்துதான். தோட்டம் பத்து ஆண்டுகள் பூட்டிக்கிடந்ததும் அதனால்தான். உண்மையைச் சொல்லவும் முடியாமல், பொய் சொல்லவும் மனமில்லாமல் மேரியும் டிக்கனும் தவிக்கும் அந்தக் கணத்தில், ராபின் தன் பேடைக்கு இரை கொண்டு பறந்து செல்ல, டிக்கன் அதைச் சுட்டிக்காட்டிப் பேச்சைத் திருப்பிவிடுகிறான். பட்ட மரம் இழப்பைக் குறிக்கிறது என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியவர் ஆவீர்கள். குடும்பத்துக்கு இரை தேடும் ஓர் உயிரினம் ஒரு சிறுவனின் பார்வையை அந்த மரத்திலிருந்து விலக்கியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆட்டுக்குட்டிக்கும் இதே முறைதான். புதர்வெளியில் இறந்துகிடந்த தாயின் அருகே டிக்கன் கண்டெடுத்த குட்டி அது. தாயில்லாத காலினின் மடியில் அது வைக்கப்பட்டு, அவனுடைய வெல்வெட் அங்கியின் மடிப்புகளில் முகத்தை முட்டிமுட்டிப் பாலைத் தேடுகிறது. காலினின் அறையில் நடக்கும் இக்காட்சியில் காலின், மேரி, குட்டி மூவருமே தாயை இழந்தவர்கள் என்பதைக் கவனித்தவருக்கு, கள்ளமின்மை என்ற ஆயத்தச் சொல் தேவைப்படாது.

குறியீட்டின் திசையே மாறும் இடமும் ஒன்று உண்டு. கட்டுரைகளில் இதைக் காண்பது அரிது. 25-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கதை ராபினின் பார்வைக்கு மாறுகிறது. தட்டுத்தடுமாறி நடக்கப் பழகும் காலினைக் கண்டு அது முதலில் அஞ்சுகிறது; பிறகு, தான் பறக்கப் பழகிய நாட்களை நினைத்துத் தெளிவடைகிறது. அதுவரை பறவையைப் பார்த்து மனிதர் தம்மை அறிந்தனர். இங்கே பறவை தன்னை வைத்து மனிதனை அறிகிறது.

இயற்கை எல்லாமே குணப்படுத்துகிறது என்றும் எழுதிவிடாதீர்கள். நாவலின் இந்தியா வெயிலும் காலராவும் நிறைந்த, குழந்தையை நோஞ்சானாக்கும் நிலம். இங்கிலாந்தில் உள்ள யார்க்‌ஷயரின் காற்றோ பசியையும் பலத்தையும் தருகிறது. இந்த ஏற்பாட்டில் பேரரசுக் காலத்து ஆங்கிலப் பார்வை வெளிப்படையாகவே தெரிகிறது. ஆயினும் இந்தியாவிலும் மேரி மண்ணைக் குவித்துச் செம்பருத்திப் பூக்களைச் செருகித் தோட்டம் விளையாடுகிறாள். வேர் இல்லாத அந்தப் பூக்களை, பின்னர் அவள் களைபிடுங்கி மூச்சுவிட இடம் கொடுக்கும் முளைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கட்டுரைக்கு நல்ல தொடக்கம் அதிலேயே கிடைக்கும்.

எழுதும்போது ஒரு பத்திக்கு ஒரு காட்சி போதும். உயிரினம் செய்ததை முதலில் சொல்லுங்கள். அதைக் கண்ட குழந்தையிடம் நேர்ந்த மாற்றத்தை அடுத்துச் சொல்லுங்கள். பொருளை அதன் பிறகே கூறுங்கள். அணில்களையும் குதிரைக்குட்டியையும் ஒரே வரியில் கடந்துவிடலாம். அவை டிக்கனின் இயல்பைக் காட்டவே வருகின்றன, கதையை நகர்த்துவதில்லை.