வியட்நாமிய மொழியில் எண்ணப் பழகுதல்: கேள்வி பதில்

ஹனோயில் ஆங்கிலம் பேசுவோருக்குச் சில ஆண்டுகள் வியட்நாமிய மொழி கற்பித்திருக்கிறேன். எண்களைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, இலண்டனில் வளர்ந்த என் மகள் ஒன்று முதல் பத்து வரை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் அவள் எண்ணத் தொடங்கினாலே வியட்நாமியத் தோழி சிரிக்கிறாளாம். பிழை எங்கே இருக்கிறது?

பதில்: பிழை சொற்களில் இருக்காது, குரலில்தான் இருக்கும். ஆங்கிலம் பேசுவோர் "ஒன், டூ, த்ரீ" என்று வரிசையாக எண்ணும்போது ஒவ்வொரு எண்ணிலும் குரலைச் சற்று உயர்த்தி, கடைசி எண்ணில் இறக்குவது வழக்கம். வியட்நாமியத்திலோ குரலின் ஏற்ற இறக்கமே சொல்லின் ஓர் உறுப்பு. வடக்கு வழக்கில் இத்தகைய தொனிகள் ஆறு உண்டு. மூன்றைக் குறிக்கும் 'பா' ('பாக்கியம்' என்பதன் முதல் ஒலி) ஏறாமலும் இறங்காமலும் நிற்க வேண்டும். இறக்கிச் சொன்னால் அது பாட்டியைக் குறிக்கும் சொல்லாகிவிடும். இரண்டு 'ஹாய்', ஐந்து 'நம்' ஆகியவையும் சமதொனியே. நான்கு 'போன்', ஆறு 'சாவ்', எட்டு 'தாம்', ஒன்பது 'சின்' ஆகியவை உயரும். ஒன்று 'மோட்' தாழ்ந்து சட்டென்று அறுபடும். பத்து 'முஒய்' மெல்ல இறங்கும். ஏழு 'பய்' தாழ்ந்து வளையும். ஆகவே வரிசையாக ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு, தொலைபேசி எண்களைப் படிப்பதுபோல எண்களைக் கலைத்துப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பட்டியல் ராகம் தானாக உதிர்ந்துவிடும்.

கேள்வி: பத்தில் வரும் உயிரொலி ஆங்கிலத்தில் இல்லை என்கிறார்களே?

பதில்: இல்லைதான், அதனால் ஆங்கிலம் பேசுவோர் உதட்டைக் குவித்து ஏதோ ஓர் ஊகாரத்தைச் சொல்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை குறைவு. 'பத்து' என்று இயல்பாகச் சொல்லும்போது ஈற்றில் உதடு குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரமே ஏறத்தாழ அந்த ஒலி.

கேள்வி: இருபத்தொன்றில் 'ஒன்று' மாறிவிடுகிறது என்று படித்தேன். விதி என்ன?

பதில்: பதினொன்றில் 'மோட்' மாறாது. இருபத்தொன்று முதல் தொண்ணூற்றொன்று வரை அது உயரும் தொனிக்கு மாறும். தமிழ் எழுத்தில் இரண்டையும் 'மோட்' என்றே எழுத வேண்டியிருப்பது நம் எழுத்தின் குறை. பத்தைக் குறிக்கும் சொல்லும் இருபது முதல் சமதொனி பெறும். பதினைந்து, இருபத்தைந்து போன்றவற்றின் ஈற்றில் 'நம்' என்பது 'லம்' ஆகும். ஆனால் ஐம்பதின் தொடக்கத்தில் 'நம்' அப்படியே நிற்பதால், 55 என்பது 'நம் முஒய் லம்' ஆகிறது. 'நம்' என்பதற்கு ஆண்டு என்ற பொருளும் உண்டு. ஐந்து ஆண்டுகள் என்பது 'நம் நம்'.

கேள்வி: சைகோன் சந்தையில் 'நூறு இரண்டு' என்று விலை சொன்னார்கள். 102 ஆயிரம் டோங் (வியட்நாம் நாணயம்) என்று எண்ணிக் கொடுத்தேன், கடைக்காரர் ஏற்கவில்லை. ஏமாற்றினாரா?

பதில்: இல்லை, அவர் கேட்டது 120 ஆயிரம். நூறுக்குப் பின் தனி இலக்கம் வந்தால் அது பத்துகளைக் குறிக்கும். 102 என்று சொல்ல, நடுவில் இருக்கும் சுழியத்தைத் தனிச்சொல்லால் உணர்த்த வேண்டும்: வடக்கில் 'லிஞ்', தெற்கில் 'லெ'. ஆங்கிலம் வழியே கற்பவர் அனைவரும் ஒருமுறையேனும் விழும் குழி இது. விலையில் 'ஆயிரம்' என்ற சொல்லை விட்டுவிடுவதும் இயல்பே. அச்சொல்லும் வடக்கில் 'ஙீன்', தெற்கில் 'ஙான்'. சொல்லின் முதலில் ஙகரம் வருவதால் ஆங்கிலேயர் திணறுவர், நெடுங்கணக்கில் ஙகர வரிசையை ஒப்பித்த நமக்கு அது பெரிய காரியமில்லை. எழுதும்போது ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் பின்னத்துக்குக் காற்புள்ளியும் இடுவார்கள்: 120.000 என்பது ஒரு லட்சத்து இருபதாயிரம்.

கேள்வி: கிழமைகளுக்கும் எண்தானாமே?

பதில்: ஆம், ஆனால் திங்கள்தான் 'இரண்டாம்' நாள், செவ்வாய் 'மூன்றாம்' நாள். ஞாயிறுக்கு மட்டும் எண் இல்லை. அதற்குத் தனிப்பெயர் உண்டு. புதன் 'நான்காம்' நாள் என்றாலும் அங்கே 'போன்' வராது, 'து' என்ற சீன வழிச் சொல்லே வரும். ஏப்ரல் மாதப் பெயரிலும் அப்படியே.