இரண்டு பிலவ வருஷங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தென்காசிக்கு அருகில் உள்ளது. என் தாத்தாவின் தாத்தா பெயரில் ஓர் ஓலை ஜாதகமும் ஒரு நிலக் கிரயப் பத்திரமும் வீட்டில் இருக்கின்றன. ஜாதகத்தில் பிலவ வருஷம் என்றும், பத்திரத்தில் தாது வருஷம் தை மாதம் என்றும் உள்ளது. பத்திரத்தில் கொல்லம் ஆண்டைப் (கேரளத்திலும் எங்கள் பக்கத்திலும் வழங்கிய தொடர் ஆண்டுக்கணக்கு) பூச்சி அரித்துவிட்டது. ‘சூ’ போன்ற முதல் குறி மட்டும் தெரிகிறது. இலங்கைக் காப்பித் தோட்டத்தில் சம்பாதித்து நிலம் வாங்கினார் என்பது வீட்டுப் பேச்சு. கப்பல் பட்டியல்களில் அவரைத் தேடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கப்பல் இருக்கட்டும், முதலில் ஆண்டைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. 1781-இல் பிறந்து 1817-இல் நிலம் வாங்கியவருக்கும், 1841-இல் பிறந்து 1877-இல் வாங்கியவருக்கும் உங்கள் இரண்டு ஆவணங்களும் ஒன்றுபோலப் பொருந்தும். பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் குடும்பங்களில் இது வெறும் கணக்குச் சிக்கல் அல்ல. இரண்டு மனிதர்களைச் சேர்த்து ஒரே வாழ்க்கையாக எழுதிவிட நேரும்.

பத்திரத்துக்கு அந்த ஒற்றைக் குறியே போதும். அது ௲, அதாவது ஆயிரம். 1817-இன் தை மாதம் கொல்லம் 992. அதைத் தமிழ் எண்ணில் எழுதினால் ௯ என்றுதான் தொடங்கும். எனவே உங்களுடையது கொல்லம் 1052, அதாவது 1877 தை. (அடுத்த தாது வருஷத் தை 1937-இல்தான் வரும், அது உங்கள் தாத்தா காலம்.)

ஜாதகத்தில் சனியையும் குருவையும் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஏனெனில் அறுபது ஆண்டுகளில் இருவரும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். ராகுவின் சுற்று பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் என்பதால் அவர் அப்படித் திரும்புவதில்லை. 1841-42 பிலவத்தில் ராகு மகரத்தில் இருந்தார். 1781-82 பிலவத்தில் பெரும்பகுதி மேஷத்திலும் கடைசி மாதங்களில் மீனத்திலும் இருந்தார். கட்டத்தில் ராகு மகரத்தில் இல்லையென்றால், நீங்கள் வைத்திருப்பது நிலம் வாங்கியவருடைய பாட்டனாரின் ஜாதகமாக இருக்கக்கூடும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுக்குத் தந்தை பெயர், வயது, ஊர், அங்க அடையாளம் வரை கப்பல் பட்டியலில் உண்டு. இலங்கைக்குக் கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி) போனவர்கள் அத்தகைய ஒப்பந்தத்தில் போகவில்லை என்பதால் அதுபோன்ற பட்டியலை எதிர்பார்த்துக் காலத்தைச் செலவிட வேண்டாம்.

பதிவாளர் அலுவலகத்தை நாடுவது பலன் தரும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலக் கிரயத்துக்கு அன்றே பதிவு கட்டாயம். பத்திரத்தின் பின்புறம் சார்பதிவாளரின் குறிப்பும் ஆவண எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அந்த அலுவலகத்தின் பெயர் அட்டவணை வழியாக உங்கள் முன்னோர் பிற்பாடு வாங்கியது, விற்றது, அடமானம் வைத்தது ஆகியவற்றையும் தேட முடியும். வாங்குபவர் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுவது அன்று வழக்கமில்லை. அவருக்கு எழுதத் தெரியுமா, கைக்கீறல்தானா (கையெழுத்துக்குப் பதில் இடும் கோடு) என்பதை அவரே எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம் ஒன்று கிடைத்தால் அறியலாம்.

1877 தை என்பது தாது வருஷப் பஞ்சத்தின் நடுப்பகுதி; நிலத்தை விற்றே வயிற்றைக் கழுவியவர்கள் பலர். விற்றவர் யார், நான்கெல்லையில் யார் யார் நிலம், சாட்சிகள் உறவினரா என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். குறிப்பாக, கிரயத் தொகையை விற்றவர் எப்படிப் பற்றிக்கொண்டார் என்ற வரியைப் படியுங்கள். ரொக்கம் என்றிருந்தால் இலங்கைக் கதைக்கு இடமுண்டு. முன்பு வாங்கிய கடனுக்கு வரவு என்றிருந்தால், உங்கள் முன்னோர் அந்த ஊரிலேயே வட்டிக்குக் கொடுத்து வாங்கியவர் என்றுதான் முதலில் எண்ண வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம்.