பின்னால் ‘1862’ என்று எழுதியிருக்கும் பேஸ்பால் அணிப் படத்தை நம்பி வாங்கலாமா?

நீங்கள் சொல்லும் விவரம்: அமெரிக்கப் பழம்பொருள் சந்தையில் பார்த்த ஒன்பது பேர் அணிப் படம், தடித்த அட்டையில் ஒட்டியது, உயரம் ஆறரை அங்குலம், அகலம் நாலேகால், பின்னால் பென்சிலில் ‘1862’, விலை 300 டாலர்.

அந்த விலைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அளவு, அட்டையில் ஒட்டிய படங்களில் ‘கேபினட் கார்டு’ என்ற பெரிய வகையினுடையது. அமெரிக்காவில் அது புழக்கத்துக்கு வந்ததே 1866 வாக்கில்தான். 1862இல் அட்டையில் ஒட்டிய படம் என்றால் பெரும்பாலும் இரண்டரைக்கு நான்கு அங்குல ‘கார்ட் டி விசிட்’டாக இருக்கும். பழைய படத்தைப் பிற்பாடு பெரிய அட்டையில் நகலெடுத்திருக்கலாம் என்று விற்பவர் சொல்வார். அப்படியே இருந்தாலும் நீங்கள் காசு கொடுப்பது நகலுக்குத்தான்.

பென்சில் எழுத்தை நம்பி ஏமாந்தவன் நானும்தான். நான் வாங்கிய முதல் படத்தின் பின்னால் ‘1865’ என்று இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் என்று விற்றவர் கதையும் சொன்னார். 140 டாலர் கொடுத்தேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவனின் பூட்ஸுக்குப் பக்கத்தில், புல்லில் ஏதோ கூடை கிடந்தது. சாப்பாட்டுக் கூடை என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுநாள்தான் உறைத்தது, அது மட்டையடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கம்பி முகமூடி. ஹார்வர்டு அணிக்காக ஃப்ரெட் தேயர் வடிவமைத்த அந்த முகமூடி ஆட்டத்துக்கு வந்தது 1877இல். ஒரே இரவில் என் படத்துக்குப் பன்னிரண்டு வயது குறைந்துவிட்டது.

அதிலிருந்து எந்தப் படத்தை எடுத்தாலும், அதில் கடைசியாகப் பிறந்த பொருள் எது என்றுதான் தேடுகிறேன். பழைய பொருள் ஒன்றையும் நிரூபிக்காது. அண்ணன் போட்ட சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டு நின்றிருப்பான். காலுறை தெரியும்படி முழங்காலோடு நிற்கும் கால்சட்டையைச் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி 1868 வாக்கில் அணியத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள் பின்பற்றினார்கள். உங்கள் படத்தில் அது இருந்தால் ‘1862’ அங்கேயே செத்தது. மட்டையின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை விதி அனுமதித்தது 1885 முதல் 1893 வரை மட்டுமே.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வரி வில்லை, அதாவது வரி கட்டியதற்கு அடையாளமாகப் படத்தின் பின்னால் ஒட்டிய, தபால்தலை போன்ற சீட்டு. அந்த உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை புகைப்படங்களுக்கு வரி இருந்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட் வில்லை. ஸ்டுடியோக்காரர் அதன் மேல் பேனாவால் கோடு கிழித்தோ தேதி எழுதியோ செல்லாததாக்குவார். அந்த மைக்கோடு வில்லையைத் தாண்டி அட்டையிலும் ஓடியிருந்தால் எனக்கு உயிர் வரும். வில்லையின் விளிம்போடு கோடு நின்றுவிட்டால், வேறு படத்திலிருந்து உரித்து ஒட்டினார்களோ என்று யோசிப்பேன்.

டின்டைப், அதாவது உலோகத் தகட்டிலேயே எடுத்த பழைய படம், யாராவது காட்டினால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பெயரில்தான் தகரம், உண்மையில் இரும்புத் தகடு, ஒட்டிக்கொள்ளும். அதில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி விழும். சட்டையில் அணியின் பெயர் சரியாகப் படிக்கும்படி இருந்தால் நான் பணப்பையை மூடிவிடுவேன். தாளில் அச்சிட்ட படமென்றால் இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், அது 1950களை ஒட்டியோ அதற்குப் பிறகோ தயாரான தாள்.

உங்கள் படம் எனக்கு 1880களின் ஊர் அணிப் படமாகத்தான் தோன்றுகிறது. முகங்கள் தெளிவாகவும் அட்டை மடங்காமலும் இருந்தால் ‘1862’ஐக் காதில் போட்டுக்கொள்ளாமல் பேரம் பேசிப் பாருங்கள். வாங்கிய பிறகு அந்தப் பென்சில் எழுத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். என் படத்தில் அந்த ‘1865’ இன்னும் இருக்கிறது.